வாய்க்குள்ள வைச்சதுக்கு ஒரு துண்டு தாங்கோ

வீடு கட்டுகிற எந்தக் குடும்பத்தையும் பாருங்கள். என்ன சீமெந்து, எத்தனை பை, கலவை ஒன்றுக்கு எத்தனை, மணல் எங்கயிருந்து ஏத்தினது, கம்பி எத்தனை மில்லிமீற்றர் என்று மேசனை நிறுத்திவைத்துக் கேட்பார்கள். பையைத் திருப்பி எஸ்.எல்.எஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேசனும் அதற்காகக் கோபிப்பதில்லை. காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார் என்பது அவருக்குத் தெரியும்.

அதே குடும்பம் பல்லு அடைக்கப் போனால் ஆவென்று வாயைத் திறந்து, அரை மணித்தியாலம் கழித்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வரும். என்ன வைச்சவை எண்டு கேட்டால் "வெள்ளை" என்பார்கள். இல்லாவிட்டால் "கறுப்பு". கொஞ்சம் விசயம் தெரிந்தவர் என்றால் "சீமெந்து" என்பார். என்ன சீமெந்து? அது தெரியாது.

சுவருக்குள் போகிற சீமெந்தைப் பற்றி இவ்வளவு கேட்கிற நாங்கள், வாய்க்குள் போகிற சீமெந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைப்பதில்லை. பல்லில் வைக்கிற பொருளின் பெயரை, எழுத்தில், எங்களுக்கு விளங்குகிற மொழியில் தரவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் எங்களிடம் இல்லாததால்தான் ஒருபக்கம் பீதி விற்கப்படுகிறது, மறுபக்கம் நிறம் விற்கப்படுகிறது. இரண்டையும் வாங்கக் காசில்லாத ஆளின் பல்லுப் பிடுங்கப்படுகிறது.

கறுப்பு விஷம் என்கிறவர்களுக்கு

முதலில் பீதியைப் பார்ப்போம். "உங்கட பல்லில கறுப்பு அடைப்பு இருக்கா? உடனே எடுத்துப் போடுங்கோ, அது இரசம், மூளையைத் தின்னும்" என்கிற மாதிரியான பதிவுகள் வட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது சுற்றிவரும். பகிர்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு பகிர்வதில்லை. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மற்றப் பாதியில்தான் சிக்கல்.

கறுப்பு அடைப்பின் பெயர் அமல்கம். நிறையில் ஏறக்குறைய அரைவாசி இரசம். மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு, சிலவேளை கொஞ்சம் நாகம். உலோகத்தூளோடு திரவ இரசத்தைக் கலந்தால் சில நிமிடங்களுக்குக் களி மாதிரி இருக்கும். பிறகு கல்லாக இறுகும். ஈரம் கொஞ்சம் பட்டாலும் தாங்கும், கடைவாய்ப் பல்லின் கடியையும் தாங்கும், விலையும் குறைவு. இந்த மூன்று குணத்துக்காகத்தான் அது 150 வருடத்துக்கு மேலாக உலகத்தின் வாய்க்குள் இருந்தது.

இரசம் ஆவியாக வெளியில் வருகிறதா? வருகிறது. மெல்லும்போதும், இரவில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் கூடவாக வரும். அது சுகத்தைக் கெடுக்கிற அளவா என்பதைப் பிள்ளைகளில் நேராகவே பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 பிள்ளைகள், லிஸ்பனில் 507 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அமல்கம், மற்றப் பாதிக்கு இரசமில்லாத அடைப்பு. முதலாவது ஆய்வு 5 வருடம், இரண்டாவது 7 வருடம் தொடர்ந்தது. 2006இல் முடிவுகள் வெளிவந்தன. நினைவாற்றல், கவனம், நரம்புத் தொழிற்பாடு எதிலும் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அமல்கம் வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் இரசம் கூடவாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

இதை வைத்துக்கொண்டு "அமல்கம் முழுக்கப் பாதுகாப்பு" என்று கைகழுவுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், நரம்பு வியாதிக்காரர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், இரசத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமல்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னது. ஆனால் அதே அறிவித்தலில் இன்னொரு வசனமும் உண்டு: நல்ல நிலையில் இருக்கிற அடைப்பைத் தேவையில்லாமல் தோண்டி எடுக்கவேண்டாம். ஏனென்றால் தோண்டும்போதுதான் இரச ஆவி கூடவாக வரும். அதோடு நல்ல பல்லுத் திசுவும் சேர்ந்து போகும். வட்ஸ்அப் பதிவு இந்த இரண்டாவது வசனத்தை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கொண்டு திரிகிறது. அதை நம்பி, இருபது வருடம் பிரச்சினையில்லாமல் இருந்த அடைப்பைக் காசு கொடுத்துத் தோண்டுகிற ஆக்கள் எங்கட சனத்திலயும் இருக்கினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறுப்பு அடைப்பில் இரசம் என்று அலறுகிற அதே குழுமங்களில்தான் "ஏழு நாளில் வெள்ளையாகலாம்" என்கிற கிறீம் விளம்பரமும் வருகிறது. உலகம் முழுக்கச் சந்தையில் அகப்படுகிற தோல் வெளுப்பாக்கும் கிறீம்களில் இரசம் கலந்தவை ஏராளம். இரச ஒழிப்பு உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அவையும் உண்டு. பல்லில் இறுகிப்போய் இருக்கிற இரசத்துக்குப் பயப்படுகிற நாங்கள், முகத்தில் தினமும் பூசுகிற இரசத்துக்கு ஏன் பயப்படுவதில்லை? ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளையாக்குவேன் என்று சொல்கிறது. இரசாயனத்தைவிட நிறம்தான் எங்களைப் பயமுறுத்துகிறது.

பெயரை மறைத்து விற்ற கதை

அமல்கத்தின் வரலாற்றிலேயே இந்தப் பெயர் விவகாரம் இருக்கிறது. 1833இல் குரோக்கர் சகோதரர்கள் என்ற இருவர் நியூயோர்க்கில் கடை போட்டார்கள். வெள்ளியையும் இரசத்தையும் குழைத்த களியை, சூத்தையைச் சரியாகச் சுரண்டாமலே பல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். அதை இரசம் என்று சொல்லி விற்கவில்லை. "றோயல் மினரல் சக்சிடேனியம்" என்றொரு ராசதோரணைப் பெயர். தங்கத்துக்குப் பதிலான அரச கனிமம் என்கிற மாதிரிக் கருத்து. சனம் வரிசையில் நின்றது. தங்கம் அடைத்துப் பிழைத்த பல்வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். அமெரிக்கப் பற்சத்திரவைத்தியர் சங்கம் 1840களில் அமல்கம் வைப்பதே தொழில் ஒழுக்கமீறல் என்று தீர்மானம் போட்டு, அங்கத்தவரிடம் கையெழுத்தும் வாங்கியது. சண்டை முற்றி 1856இல் அந்தச் சங்கமே கலைந்தது.

அந்தச் சண்டையில் ஒரு பக்கம் பொருளின் உண்மைப் பெயரை மறைத்தது. மறுபக்கம் தங்கத்தின் வருமானத்தை மறைத்துக்கொண்டு ஒழுக்கம் பேசியது. கதிரையில் படுத்திருந்த ஆளிடம் இரண்டு பக்கமும் எதையும் கேட்கவில்லை. பிறகு 1895இல் ஜி.வி. பிளாக் கலவை விகிதத்தை ஒழுங்காக்கினார். 1960களில் செம்பைக் கூட்டி, துருப்பிடிக்கிற பலவீனமான பகுதியைக் குறைத்தார்கள். பொருள் முன்னேறியது. பெயர் மட்டும் "வெள்ளி அடைப்பு" என்றே நின்றது. அரைவாசி இரசம் உள்ள பொருளுக்கு, கால்வாசி சொச்சம் இருக்கிற வெள்ளியின் பெயர்!

வெள்ளை என்றால் எந்த வெள்ளை?

இனி நிறத்தை விற்கிறவர்கள். "கறுப்பு வேணுமோ, வெள்ளை வேணுமோ?" என்று கேட்கிறார்கள். வெள்ளை என்று ஒரு பொருள் கிடையாது. கொம்போசிற் வெள்ளை, கிளாஸ் அயனோமர் சீமெந்து வெள்ளை, அதில் றெசின் கலந்த வகை வெள்ளை, தற்காலிகமாக வைக்கிற நாக ஒட்சைட்டு – கராம்பு எண்ணெய்க் கலவையும் வெள்ளைதான். உறைப் பல்லுக்குப் போனால் பீங்கானும் சேர்க்கோனியாவும் வெள்ளை. இவற்றில் ஒன்று சில கிழமைக்கு, ஒன்று சில வருடத்துக்கு, ஒன்று பத்து வருடத்துக்கு மேல். நிறத்தைச் சொல்லிப் பொருளை விற்பது, "வெள்ளைப் பவுடர்" என்று சொல்லிச் சீனியையும் உப்பையும் சுண்ணாம்பையும் ஒரே விலைக்கு விற்பதற்குச் சமன்.

போன வருடம் ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கும் இது நடந்தது. கடைவாய்ப் பல்லில் அடைப்பு வைத்தார்கள். பில்லில் "ஃபில்லிங் – 1" என்று மட்டும் இருந்தது. காசு கட்டுகிற இடத்தில், என்ன பொருள் வைத்தது என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். "நல்ல சாமான்தான், இம்போட்டட்" என்றார் அங்கே இருந்தவர். இந்த நாட்டில் பல்லடைக்கிற சாமானில் எது இம்போட்டட் இல்லை? திரும்பக் கேட்டபோது, டொக்டர் அடுத்த ஆளைப் பார்க்கிறார் என்றார்கள். போன் கடையில் கண்ணாடி மாற்றினால் ஒரிஜினலா கொப்பியா, எத்தனை மாத வொறன்ரி என்று துண்டில் எழுதித் தருகிறான். பல்லுக்கு அதுவும் இல்லை.

கொம்போசிற் கெட்ட பொருள் என்று நான் சொல்லவரவில்லை. அருமையான பொருள் அது. 1955இல் புவனோகோர் என்பவர் பல்லின் மிளிரியை அமிலத்தால் லேசாக அரித்தால் றெசின் இறுகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1962இல் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ என்ற றெசினுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த றெசினுக்குள் கண்ணாடித் துகளைக் கலந்ததுதான் இன்றைய கொம்போசிற். பல்லின் நிறத்திலேயே வரும். பல்லோடு ஒட்டுவதால் அமல்கத்துக்கு மாதிரி நல்ல பல்லை வெட்டிக் கொளுவி செய்யத் தேவையில்லை.

ஆனால் அதற்கு இரண்டு குணம் இருக்கிறது. ஒன்று, இறுகும்போது சுருங்கும். கனவளவில் 2 தொடக்கம் 3 சதவீதம். வாயில் அந்தச் சுருக்கம் ஒரு மயிரிழை வெடிப்பாகும். அந்த வெடிப்பால் கிருமி உள்ளே போகும். அடைப்புக்குக் கீழே திரும்பவும் சூத்தை வரும். இதனால்தான் பொதுவாக 2 மில்லிமீற்றர் அளவான படைகளாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் நீல லைற் பிடிக்கவேண்டும். இரண்டாவது, ஈரம் ஆகாது. துப்பல் ஒரு துளி பட்டாலே ஒட்டு கெடும். றப்பர் விரிப்புப் போட்டு, உலர்த்தி, ஆறுதலாகச் செய்யவேண்டிய வேலை. அவசரத்தில் ஒரே அமத்தாக அமத்தி, ஒரு தரம் லைற் அடித்து அனுப்பிய கொம்போசிற், ஒழுங்காக வைத்த அமல்கத்துக்குக் கிட்டவும் வராது.

மேலே சொன்ன லிஸ்பன் பிள்ளைகளிடமே இதற்கும் கணக்கிருக்கிறது. 7 வருட முடிவில் அமல்கம் அடைப்புகளில் 94.4 சதவீதம் தப்பியிருந்தன, கொம்போசிற்றில் 85.5 சதவீதம். கொம்போசிற்றின் ஓரத்தில் மீண்டும் சூத்தை வரும் ஆபத்து மூன்றரை மடங்கு. இது நல்ல பயிற்சியோடு, ஆய்வுக்காகக் கவனமாகச் செய்த இடத்தின் கணக்கு. பொருட்களும் முறைகளும் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன, அது சரி. ஆனால் "வெள்ளை வைச்சால் ஆயுளுக்கும் பிரச்சினையில்லை" என்று எந்த முகத்தோடு சொல்வது?

விரிவுக் குணத்தையும் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ, அதுக்குப் பின்னால ஐஸ்கிறீம். சூட்டுக்கு எல்லாப் பொருளும் விரியும், குளிருக்குச் சுருங்கும். அமல்கம் பல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். கொம்போசிற் வகையைப் பொறுத்து மூன்று, நாலு மடங்குக்கும் போகும். கிளாஸ் அயனோமர் மட்டும்தான் பல்லுக்கு மிகக் கிட்ட நிற்கிறது. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. எல்லாக் குணமும் ஒன்றாய் அமைந்த பொருளை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் எந்தப் பல்லுக்கு, எந்த வாய்க்கு, எந்தப் பொருள் என்று தெரிவு செய்யவேண்டியிருக்கிறது. நிறத்தை மட்டும் முன்னால் வைத்தால் அந்தத் தெரிவு எங்களிடமிருந்து பறிபோகிறது.

வவுனியா, அநுராதபுரம் பக்கத்துச் சனத்துக்கு இது இன்னும் முக்கியம். உலர்வலய நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடிய இடங்களில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் வரும். அந்த மிளிரியில் அமில அரிப்பு சாதாரணப் பல்லில் மாதிரி வேலை செய்யாது, ஒட்டு பலவீனமாகலாம். அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணி என்று கேட்காமல், பல்லை வெளுப்பாக்கலாம், மேலே வெள்ளை ஒட்டலாம் என்று விற்கிறவர் வைத்தியம் பார்க்கவில்லை, பெயின்ற் அடிக்கிறார்.

ஏழைச் சீமெந்து என்ற அவமானம்

மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பற்றி விளம்பரமும் இல்லை, பீதியும் இல்லை. கிளாஸ் அயனோமர் சீமெந்து. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்தில் அலன் வில்சனும் பிறையன் கென்ற்றும் உருவாக்கியது. கண்ணாடித் தூளையும் ஒரு வகை அமிலத்தையும் குழைத்தால் தானாக இறுகும். பல்லோடு இரசாயன ரீதியாக ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் புளோரைட்டை வெளிவிடும். லைற் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை. 2022 பங்குனி முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில் இருந்துகொண்டு இந்தக் குணத்தைச் சின்னதாக நினைக்கேலாது.

இதை வைத்து 1980களின் நடுவில் தன்சானியாவில் ஒரு முறை உருவாக்கினார்கள். துளைகருவி இல்லாமல், கையால் சூத்தையைச் சுரண்டி, இந்தச் சீமெந்தை அமத்தி வைப்பது. பெரும்பாலும் ஊசியும் போடத் தேவையில்லை. பிள்ளை அழாது. 1994 உலக சுகாதார தினத்தோடு உலக சுகாதார நிறுவனமே இதைப் பரப்பியது. குறையும் உண்டு: தேயும், கடி கூடிய பெரிய குழிகளில் உடையும். ஒரே பக்கத்துச் சின்னக் குழிக்கு நன்றாக நிற்கும்; இரண்டு பக்கம் உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு அவ்வளவு நிற்காது.

இன்னொன்று வெள்ளி டயமின் புளோரைட்டு. ஒரு சொட்டுத் திரவம். பிள்ளையின் பாற்பல்லுச் சூத்தையில் தடவினால் பல இடங்களில் சூத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். சூத்தை இருந்த இடம் கன்னங்கரேல் என்று கறுத்துப்போகும். அவ்வளவுதான் விலை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதையும் கிளாஸ் அயனோமர் சீமெந்தையும் சேர்த்தது. பிள்ளைக்குப் பல்லுக் கறுக்கும் என்று சொன்னால் எத்தனை தாய்மார் வேண்டாம் என்பார்கள்? நான் தாய்மாரைக் குற்றம் சொல்லவில்லை. கறுப்பு என்றால் கேவலம் என்று பிறந்த நாளிலிருந்து ஓதி வளர்த்த சமூகத்தில், பொருளின் பெயரும் வேலையும் சொல்லாமல் "கறுக்கும்" என்று மட்டும் சொன்னால் யார்தான் ஓம் என்பார்கள்? விழப்போகிற பாற்பல்லு, கறுத்தாலும் வலிக்காது, பிள்ளை இரவில் நித்திரை கொள்ளும் என்று விளங்கப்படுத்தினால் முடிவு வேறாக இருக்கும்.

2034க்கு முன்னால்

இப்போது இதையெல்லாம் ஏன் கிளறவேண்டும்? கறுப்பு அடைப்பின் காலம் சட்டப்படி முடியப்போகிறது.

1956இல் யப்பானின் மினமாட்டாவில், ஒரு தொழிற்சாலை கடலுக்குள் விட்ட இரசக் கழிவு மீனுக்குள் போய், மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களை நரம்பு நரம்பாகத் தின்றது வெளியில் வந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் இரசத்துக்கு எதிரான உடன்படிக்கை உருவானது. 2017 ஓகஸ்ற்றில் அமுலுக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. 2022இல், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அமல்கத்தைத் தடுக்கவேண்டும், அல்லது வேண்டாமென்று பரிந்துரைக்கவேண்டும் என்று முடிவானது. 2025 நவம்பரில் ஜெனீவாவில், 2034உடன் பல்லுக்கான அமல்கத்தை முற்றாக நிறுத்துவது என்று உடன்பட்டார்கள்.

இந்த முடிவு சரியானது. காரணம் வாயைவிட மண்ணும் தண்ணியும்தான். அடைப்பில் மிஞ்சுகிற துண்டு, தோண்டி எடுக்கிற பழைய அடைப்பு, பிடுங்கின பல்லோடு போகிறது, கொப்பளித்துத் துப்புகிறது எல்லாம் எங்கே போகிறது? பிரித்தெடுக்கிற கருவி இல்லாத கதிரையிலிருந்து வாய்க்காலுக்கும் மலக்குழிக்கும். தண்ணிக்குள் போன இரசத்தைக் கிருமிகள் மெதைல் இரசமாக மாற்றும். அது மீனுக்குள் ஏறும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லுக்கு மேலே இருக்கிறது. மேலே ஊத்தினது கீழே கிணற்றுக்கு இறங்கும் என்பதைச் சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் மிதந்தபோது நாங்கள் படித்திருக்கிறோம். செத்தபிறகும் விசயம் முடியாது. இரசம் 357 பாகை செல்சியசில் கொதிக்கும். சுடலையில் எரிகிற நெருப்பு அதைவிடச் சூடு.

ஆகவே அமல்கம் போகட்டும். அதன் இடத்துக்கு என்ன வரும் என்பதைத்தான் கேட்கவேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் காலையில் துண்டு எடுத்து நிற்கிற வரிசையைப் பாருங்கள். அங்கே அமல்கம் நின்றது மலிவு, ஈரம் தாங்கும், கெதியாய் முடியும் என்பதால். அதை எடுத்துவிட்டு, ஒரு பல்லுக்குக் கூடுதல் நேரமும் உலர்வும் லைற்றும் கேட்கிற கொம்போசிற்றை, ஆளும் நேரமும் கூட்டாமல் கொடுத்தால் நடக்கப்போவது இரண்டில் ஒன்று. அவசரத்தில் வைத்த வெள்ளை இரண்டு வருடத்தில் கழரும். இல்லாவிட்டால் "அடைக்க சாமான் இல்லை, பிடுங்குவமா?" என்ற கேள்வி வரும். 2022இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு இது கற்பனைக் கதை அல்ல. பிடுங்குவதற்கு அடைப்புப் பொருள் எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி.

ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ கரையோரக் கிராமத்துப் பிள்ளைக்கோ நிரந்தரக் கடைவாய்ப் பல்லு ஆறு வயதில் முளைக்கிறது. பன்னிரண்டு வயதில் அதைப் பிடுங்கினால் மிச்ச ஆயுள் முழுக்க அந்த இடம் வெறுமைதான். பக்கத்துப் பல்லுச் சரியும், மேல்பல்லு இறங்கும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரைற்றேனியம் ஆணி இறுக்கிப் பல்லு வைப்பார்கள். மற்றப் பிள்ளை ஒரு பக்கத்தால் சப்பும். சூழலைக் காப்பாற்றுகிற செலவை அந்தப் பிள்ளையின் பல்லில் கழிக்கக்கூடாது.

சாட்டுகள்

பெயர் எழுதித் தாருங்கள் என்றால் வருகிற முதல் சாட்டு: "சனத்துக்கு விளங்காது." பனடோலுக்கும் அமொக்சிசிலினுக்கும் வித்தியாசம் தெரிந்த சனம் இது. உரப் பையில் நைதரசன் எவ்வளவு என்று வாசித்து வாங்குகிற விவசாயிக்குக் கிளாஸ் அயனோமர் என்ற இரண்டு சொல் விளங்காது என்றால் சிரிப்புத்தான் வரும். விளங்காதது சொல் அல்ல. ஆங்கிலத்தில் கிறுக்கினால் விளங்காதுதான். தமிழும் இந்த நாட்டில் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது.

இரண்டாவது: "பெயர் சொன்னால் பயப்படுவினம்." இப்போது பயப்படவில்லையா? பெயர் தெரியாததால்தானே வட்ஸ்அப் பயமுறுத்துகிறது. டொக்டர் சொல்லாத இடத்தில் வட்ஸ்அப் சொல்லும்.

மூன்றாவது: "நேரமில்லை." இதில் நியாயம் இருக்கிறது. நாளுக்கு எத்தனை வாய் பார்க்கிறார்கள், எத்தனை பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் விளக்கவுரை கேட்கவில்லை, துண்டு கேட்கிறோம். அச்சடித்த துண்டில் ஒரு சரி அடையாளம் போட பத்து விநாடி போதும்.

நாலாவது, கெட்டிக்காரத்தனமான சாட்டு: "ஐரோப்பாவிலேயே இது கட்டாயம் இல்லை." உண்மைதான். உடம்புக்குள் பொருத்துகிற சாதனங்களுக்கு நோயாளியிடம் அட்டை கொடுக்கவேண்டும் என்ற ஐரோப்பிய விதி, பல்லடைப்புக்கும் பல்லுறைக்கும் விலக்கு அளித்திருக்கிறது. அதற்காக? அங்கே ஒரு ஆள் தன் பழைய பதிவை டொக்டரிடம் கேட்டு எடுக்கலாம். எங்கட ஆக்கள் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, ஒரு கிளினிக்கில் அடைத்து இன்னொரு கிளினிக்கில் திருத்துகிற ஆக்கள். பதிவு எங்களுடைய கையில் இருக்கவேண்டிய தேவை எங்களுக்குத்தான் கூட.

கதிரைக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் மறக்கவேண்டாம். உறைப் பல்லையும் பொய்ப்பல்லையும் செய்கிற ஆய்வுகூடத் தொழிலாளி நிக்கல், கோபோல்ற் தூளைச் சுவாசிக்கிறார். சில கலப்புலோகங்களில் பெரிலியம்கூட உண்டு. கொம்போசிற் ஒட்டுத் திரவத்தில் இருக்கிற ஹேமா என்ற பொருள் மெல்லிய கையுறையையும் ஊடுருவும். உதவியாளர்களின் விரலில் தோல் வெடிக்கிற ஒவ்வாமை அதனால் வரும். வெள்ளை என்றால் ஆபத்தில்லை என்ற கதை அவர்களிடம் எடுபடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ள ஒருவர், போலிக் காப்புப் போட்டால் கை தடிக்கிற ஒருவர், தன் வாய்க்குள் மூடின உறையில் நிக்கல் இருக்கிறதா என்று எப்படி அறிவது? "ஃபில்லிங் – 1", "குரவுண் – 1" என்ற பில்லை வைத்தா?

துண்டில் என்ன இருக்கவேண்டும்

ஐந்து வரி போதும். எந்தப் பல்லு. என்ன வகைப் பொருள். உற்பத்திப் பெயரும் தொகுதி இலக்கமும். வைத்த திகதி. இது தற்காலிகமா நிரந்தரமா, எப்போது திரும்பக் காட்டவேண்டும். தனியார் என்றால் ஆறாவதாக, ஒவ்வொரு பொருளுக்கும் என்ன விலை என்று சுவரில் எழுதி ஒட்டவேண்டும்.

மருத்துவ சாதனங்களையும் ஒழுங்குபடுத்துகிற தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இலிருந்து இருக்கிறது. நாட்டுக்குள் வருகிற பொருளுக்குப் பதிவு கேட்கிற அரசாங்கத்துக்கு, வாய்க்குள் போகிற பொருளுக்கும் பதிவு கேட்க ஒரு சுற்றறிக்கை காணும். அமல்கத்தை நிறுத்துகிற திட்டத்தோடேயே பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களுக்குக் கிளாஸ் அயனோமரும் வெள்ளி டயமின் புளோரைட்டும் தட்டுப்பாடில்லாமல் போகிற ஏற்பாடும், அரசாங்கக் கதிரைகளுக்கு இரசம் பிரிக்கிற கருவியும், அடைப்பு வைக்கக் கூடுதல் ஆளும் வரவேண்டும். பொருளை மட்டும் மாற்றி நேரத்தை மாற்றாத திட்டம் பிடுங்குகிற திட்டமாகத்தான் முடியும்.

அரசாங்கம் தானாகத் தரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிரதேச அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதுங்கள். போன வருடம் எத்தனை பல்லு அடைத்தீர்கள், எத்தனை பிடுங்கினீர்கள், எந்தப் பொருள் எவ்வளவு பாவித்தீர்கள், அமல்கக் கழிவை எங்கே போடுகிறீர்கள் என்று நாலு கேள்வி. தமிழிலேயே எழுதலாம். வருகிற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், ஊர் ஊராகச் சேர்த்துப் போடுவோம்.

தனியார் கிளினிக்குக்கு விண்ணப்பம் தேவையில்லை. கதிரையில் ஏறமுதல், வாயைத் திறக்கமுதல், ஒருக்கா கேளுங்கோ: "என்ன சாமான் வைக்கப்போறியள்? பேரை எழுதித் தருவியளோ?" வாயைத் திறந்தபிறகு ஒரு ஆளாலும் கேள்வி கேட்கேலாது.